உடைந்த சறுக்குக்கட்டை

1903 டிசம்பர் 14, அமெரிக்காவின் வட கரோலினா. யார் முதலில் ஏறுவது என்று காசு சுண்டியதில் ஜெயித்தது வில்பர் ரைட். அண்ணனும் தம்பியும் சொந்தமாகச் செய்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. 60 அடி மரத் தண்டவாளத்தில் ஓடிக் கிளம்பும். இறங்குவது இரண்டு சறுக்குக்கட்டைகளில்.

வில்பர் மூக்கை அதிகமாகத் தூக்கிட்டார். மூன்றரை நொடிதான். இடது இறக்கை தரையில் பட்டு விமானம் சுழல, ஒரு கட்டை மணலில் குத்தி உடைந்தது.

சைக்கிள் கடைக்காரர்களுக்கு இது பெரிய வேலையா? ஆனாலும் இரண்டு நாள் இழுத்தது. 17ஆம் தேதி முறை தம்பி ஆர்வில்லுக்கு: 12 நொடி, 120 அடி. சரித்திரத்தில் நிற்பது அதுதான். அன்றைய நான்காவது முறையில் வில்பர் 59 நொடி பறந்தார். இறங்கும்போது முன்பக்கச் சட்டம் உடைந்தது. ஓரிரு நாளில் சரிபண்ணிடலாம் என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் காற்று விமானத்தையே புரட்டிப்போட்டது. அது மறுபடி பறக்கவேயில்லை.