வயது வரம்பு விலகிய வரலாறு: அமெரிக்க நூலகங்களில் சிறுவரும் இளையோரும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் 12 அல்லது 14 வயது நிரம்பாதவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. நகரத்தாரின் வரிப்பணத்தில் நடந்தாலும் நூலகம் பெரியவர்களுக்கானது என்பதே வழக்கம். சிறுவர் வந்தால் சத்தம் போடுவார்கள், புத்தகத்தைக் கிழிப்பார்கள் என்று நிர்வாகிகள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை உடைத்தவர்கள் பெரும்பாலும் பெண் நூலகர்கள். கதை நேரம், வாசிப்புக் கழகம், இளையோர் அறை என்று இன்று எங்கும் காணப்படும் ஏற்பாடுகள், உள்ளே வர முடியாமல் நின்றவர்களைப் பார்த்து அவர்கள் ஒவ்வொன்றாக உருவாக்கியவை.

ரோட் தீவு மாநிலத்தின் பாட்டக்கெட் நகர நூலகத்தில் மினர்வா சாண்டர்ஸ் 1870களின் பிற்பகுதியிலேயே சிறுவர் உயரத்துக்கு மேசை நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைத்தார். ஹார்ட்ஃபர்ட் நகரின் கரோலின் ஹியூவின்ஸ் 1882இல் பல நூலகங்களுக்கு எழுதி, சிறுவரிடம் நல்ல வாசிப்பை வளர்க்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பெரும்பாலான நூலகங்கள் எதுவும் செய்யவில்லை என்பது வந்த பதில்களில் வெளிப்பட்டது. 1894இல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் லூட்டி ஸ்டேர்ன்ஸ் வாசித்த அறிக்கை வயது வரம்பையே நீக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரியது. சிறுவர் சேவை தனியொரு துறையாக வளரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

புரூக்ளினின் பிராட் நிறுவன நூலகம் 1896இல் சிறுவருக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய அறையைத் திறந்தது. அதன் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர், கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகளை வைத்தார்; புத்தகத்தைத் தானே எடுத்துப் புரட்டும் உரிமை சிறுவருக்குக் கிடைத்தது. 1906இல் அவர் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். புத்தகங்களைப் பேணுவதாகவும் விதிகளை மதிப்பதாகவும் உறுதிகூறி ஒரு பெரிய பதிவேட்டில் கையெழுத்திடும் சிறுவர் யாராக இருந்தாலும் புத்தகம் எடுத்துச் செல்லலாம் என்றானது. குடியேறிகளின் நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வந்த குழந்தை தன் பெயரைத் தானே எழுதுவதை மூர் பெரிதாக மதித்தார். அவருடைய ரசனை கறாரானது. தமக்குப் பிடிக்காத நூல்களை எளிதில் ஏற்கமாட்டார். ஆனாலும் சிறுவரை மதிப்புக்குரிய வாசகராக நடத்தும் முறையை நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி நூலகத்தில் வேலை வேறு வகையாக நடந்தது. அது உருக்காலைத் தொழிலாளர்களின் ஊர். சிறுவர் துறைக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் ஆல்காட், நூலகத்துக்கு வராதவர்களைத் தேடி ஆட்களை அனுப்பினார். ஒரு சிறு புத்தகப் பெட்டி ஏதேனும் ஒரு தொழிலாளர் வீட்டில் வைக்கப்படும். வாரம் ஒருமுறை நூலகத்தின் சார்பில் ஒருவர் அங்கே போவார். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் கூடுவார்கள். கதையும் விளையாட்டும் நடக்கும், புத்தகங்கள் கைமாறும். கிளை நூலகங்களில் நடந்த கதை நேரத்திலும் கணக்குத் தெளிவாக இருந்தது. நூலகர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. கிரேக்கப் புராணத்தையோ ஆர்தர் மன்னன் கதையையோ மனப்பாடமாகச் சொல்வார். கதை முடிந்ததும் அது இடம்பெற்ற நூல் இரவலுக்குத் தயாராக இருக்கும். சிறுவர் நூலகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியும் அங்கேயே எழுந்தது.

இந்தக் கதவுகள் எல்லோருக்கும் திறக்கவில்லை. அன்று தென்மாநிலங்களில் கறுப்பினச் சிறுவர் பெரும்பாலான பொது நூலகங்களுக்குள் கால்வைக்க முடியாது. கென்டக்கியின் லூயிவில் நகரில் 1905இல் அவர்களுக்கெனத் தனிக் கிளை தொடங்கியபோது அது ஒரு வீட்டின் மூன்று அறைகளில் இயங்கியது. 1908இல் கார்னகி நிதியில் கட்டடம் எழுந்தது. பொறுப்பாளர் தாமஸ் ஃபவுன்டன் புளூ, அமெரிக்கப் பொது நூலகக் கிளை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர். கதை சொல்லும் போட்டியும், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விவாதக் கழகமும் அங்கே நடந்தன. வேறு எங்கும் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கிளை படிப்பகமாகவும் மேடையாகவும் இருந்தது. தனிக் கிளை என்ற ஏற்பாடே அநீதி; அதற்குள் நடந்த பணியோ எந்த நகர நூலகத்துக்கும் குறைந்ததல்ல.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1921இல் நூலகப் பணியில் சேர்ந்த பூரா பெல்பிரே, தம் புவெர்த்தோ ரிக்கோ தீவின் நாட்டுப்புறக் கதைகள் அலமாரியில் ஒன்றுகூட இல்லாததைக் கண்டார். ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கதை நேரம் நடத்தினார், பொம்மலாட்டம் காட்டினார். பாட்டி சொன்ன கரப்பான் பூச்சி, எலி கதையை 1932இல் நூலாக்கினார். 1937இல் அதே வட்டாரத்தில் சேர்ந்த அகஸ்டா பேக்கர், கறுப்பினக் குழந்தைகளை இழிவாகக் காட்டும் நூல்களை விலக்கி, அவர்கள் தலைநிமிர்ந்து வாசிக்கத்தக்கவற்றைத் திரட்டினார். அவர் வெளியிட்ட பட்டியல்களைப் பதிப்பாளர்களும் கவனிக்க வேண்டியிருந்தது.

பதின்பருவத்தினர் நெடுங்காலம் இடைவெளியில் சிக்கியிருந்தார்கள். சிறுவர் அறை அவர்களுக்குச் சிறிதாகிவிடும், பெரியோர் பிரிவு அந்நியமாக இருக்கும். வேலைக்குப் போனதும் நூலகத்தை மறந்துவிடுவார்கள். நியூயார்க்கில் மேபல் வில்லியம்ஸ் 1910களின் பிற்பகுதியில் பள்ளிகளோடு சேர்ந்து இதற்கு வழி தேடினார். கிளீவ்லாந்து நகரில் 1925இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பெயரில் இளையோருக்குத் தனி அறை திறந்தது. பால்டிமோரில் 1930களில் பணியைத் தொடங்கிய மார்கரெட் எட்வர்ட்ஸ், வகுப்பறைக்கே போய் ஒரு நூலின் சுவையான பகுதியை மட்டும் சொல்லி நிறுத்துவார். மீதியை அறிய மாணவர் நூலகத்துக்கு வந்தாக வேண்டும். 1940களில் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நகரின் ஏழைத் தெருக்களுக்கும் போனார்.

தென்மாநிலங்களின் தடையை முறிக்க மாணவர்களே முன்வந்தார்கள். 1960 ஜூலையில் தென்கரோலினாவின் கிரீன்வில் நூலகத்தில் அமர்ந்து படித்ததற்காக எட்டு இளைஞர்கள் கைதானார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஜெஸ்ஸி ஜாக்சன் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கான நூலகத்தில் புத்தகம் கேட்டு உட்கார்ந்தார்கள். கைதும் சிறையுமே கிடைத்தன. நூலகத்துக்காக இளையோர் செய்த பணிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

பின்வந்த மாற்றங்கள் கருவிகளையும் விதிகளையும் சார்ந்தவை. சிகாகோவின் மைய நூலகத்தில் 2009இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் உதவியுடன் தொடங்கிய 'யூமீடியா' பகுதியில் பதின்பருவத்தினர் பாட்டு ஒலிப்பதிவு செய்யவும் காணொளி எடுக்கவும் கற்றார்கள். 2021 அக்டோபரில் நியூயார்க் நகர நூலகங்கள் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கின. பழைய பாக்கியால் முடங்கியிருந்த அட்டைகள் மீண்டும் செல்லுபடியாயின. பள்ளிகளில் நூல்களைத் தடைசெய்யும் போக்கு பரவியபோது, 2022 ஏப்ரலில் புரூக்ளின் பொது நூலகம் 13 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு, நாட்டின் எந்த மாநிலத்தில் இருந்தாலும், தன் மின்னூல் தொகுப்பைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது.