வெளியே வராத நெருப்பு

"ஏனுங்க, இந்த மலை ஒரு காலத்துல எரிமலைங்களா?"

ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே முருங்கைத் தோட்டத்து வரப்பில் நின்றபடி பெரியவர் ஒருவர் கேட்டார். தெற்கே பழனி மலைத்தொடர் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. கொடைக்கானல் ஏரிதான் எரிமலையின் வாய் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஏரிக்கும் எரிமலைக்கும் சம்பந்தமில்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிங் துரை 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டதால் தேங்கிய நீர் அது. மலை முழுக்கச் சார்னோக்கைட் என்ற கருங்கல். கொடைக்கானல் தூண் பாறையும் அதுவே. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை 1893-இல் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்தக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறைதான் என்று கண்டு, பின்னர் பாறைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்த கல் இது, எரிமலை கக்கியதல்ல.

ஆனாலும் பெரியவரின் கேள்வியை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவர் காலடியில் கிடந்த வெள்ளைக்கல்.

ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டினேன். வெளிப்புறம் வெயிலும் மழையும் பட்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. உடைந்த முகம் வெளிர் சாம்பல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கங்கே சில கறுப்புப் புள்ளிகள். மற்றதெல்லாம் பிளாஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமம். கல்லைக் கொஞ்சம் திருப்பினால் மணிமணியாக மின்னுகிறது. இதன் பெயர் அனார்த்தோசைட். இப்படி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒரே கனிமம் திரண்டு நிற்கும் பாறை உலகில் சில இடங்களில்தான் கிடைக்கிறது. 'ஒட்டன்சத்திரம் அனார்த்தோசைட்' என்று ஊர் பெயரோடு சேர்த்தே நிலவியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதுவும் பாறைக் குழம்பாக இருந்த கல்தான். ஆழத்தில் தேங்கிய குழம்பு மெல்ல ஆறும்போது, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் படிகங்கள் தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வதுபோல் மேலே ஒதுங்கின. எடை மிகுந்தவை கீழே தங்கின. திரண்ட பகுதி, பாதி இறுகிய கூழாக, மேலிருந்த பழைய பாறைகளைத் துளைத்து ஏறியது. ஏறும் வழியில் பெயர்த்த பாறைத் துண்டுகள் இன்றும் வெள்ளைக்கல்லுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. அது நடந்து சுமார் 56 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கல்லிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவிலிருந்து கிடைத்த கணக்கு அது.

ஏறிய கூழ் வெளியே வரவில்லை. வந்திருந்தால் சட்டென்று ஆறி, கண்ணுக்குத் தெரியாத பொடிமணிகளாக இறுகியிருக்கும். மகாராஷ்டிரத்தில் 6.6 கோடி ஆண்டுக்கு முன் பாய்ந்த தக்காணத்து எரிமலைப் பாறை அப்படிப்பட்டது. வாயு வெளியேறிய துளைகளைக்கூட அதில் காணலாம். ஒட்டன்சத்திரத்துக் கல்லில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

ஏன் வரவில்லை? அன்று ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, தென்னிந்தியா எல்லாம் மோதி ஒட்டிக் கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. மோதும் இடத்தில் நிலத்தின் ஓடு மடிந்து தடிக்கும். குழம்பு மேலேறுவது கடினம். காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்று நடப்பது இதற்கு நேரெதிர். அங்கே நிலம் இழுபட்டு, மெலிந்து, பிளக்கிறது. பிளவே குழம்புக்குப் பாதை. காங்கோவின் நைராகோங்கோ எரிமலை 1977, 2002, 2021 என்று மூன்று முறை விலா வெடித்து ஓடியது. 2002-இல் கோமா நகரத்தின் நடுவே நெருப்பாறு பாய்ந்தது. தண்ணீர் போல இளகிய அந்தக் குழம்புக்கு முன்னால் ஓடித் தப்புவதே பெரும்பாடு.

நம் கல் ஆழத்திலேயே இறுகி, பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஆறும் மேலே இருந்ததை அரித்துக் கரைக்க, மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மலைத்தொடரே கரைந்து போன பிறகுதான் இது நம் கண்ணில் படுகிறது.

பெரியவர் கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "அப்ப இது நெலாவுல இருக்குமுங்களா?" என்றார். நான் சொல்வதற்கு முன்பே அவருடைய பேரன் சொல்லியிருக்கிறான்! நிலவில் நாம் காணும் வெளிர்நிற மேட்டுநிலம் முழுக்க அனார்த்தோசைட் குடும்பம்தான். சந்திரயான்-2-இன் தரையிறக்கத்தை முன்கூட்டிச் சோதிக்கச் செயற்கை நிலவு மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் இடித்துப் பொடியாக்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி, நிலவின் தென்துருவப் பக்கத்து மண்ணை அளந்தபோதும் இதே வகைப் பாறையின் சாயல்தான் கிடைத்தது.

அவர் கல்லைத் திருப்பித் தரவில்லை. பேரனிடம் காட்ட வேண்டுமென்று துண்டில் முடிந்துகொண்டார்.

(தொடரும்)