மேலவளவு முருகேசன்: தேர்தல் பகையா, சாதிப் பகையா?

மதுரையின் வண்டியூர்க் கண்மாயைத் தெற்கே விட்டு வடகிழக்காகப் போகும் சாலை மேலூரை அடைகிறது. அதற்கும் அப்பால் மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட மேலும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். எரிக்கப்பட்ட தலித் வீடுகளுக்கு இழப்பீடு கேட்கவே அவர்கள் ஆட்சியரிடம் போயிருந்தார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது.

இக்கொலையைத் தேர்தல் பகை என்றும் சாதிப் பகை என்றும் இருவகையாக விளக்குகிறார்கள். தனித்தொகுதி ஊராட்சி ஒன்றில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, 1996இல் மேலவளவின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டுத் திரும்பப் பெற்றார்கள், வீடுகள் எரிந்தன. டிசம்பர் 28 வாக்குப்பதிவில் வன்முறை புகுந்தது. டிசம்பர் 31 அன்று காவல்துறைப் பாதுகாப்பில் தேர்தல் நடந்து முருகேசன் வென்றார். ஆனால் தலைவராகியும் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைய அவரால் முடியவில்லை. இந்த எதிர்ப்பு முருகேசன் என்ற வேட்பாளரைப் பார்த்து எழவில்லை. வேட்பாளர் யாரென்று தெரியும் முன்பே, இட ஒதுக்கீட்டு அறிவிப்போடு தொடங்கிவிட்டது. தேர்தலில் தோற்றவரின் ஆத்திரம் இத்தனை முன்கூட்டி வருவதில்லை.

அந்த நாற்காலியில் அப்படி என்னதான் இருக்கிறது? கண்மாயின் மீன்பாசி ஏலம், பொதுநிலத்து மரங்களின் ஏலம், வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு. ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டு கைகளும் அன்று ஒரே பேருந்தில் இருந்தன. ஊர்ப் பொதுச்சொத்தை யார் ஏலம் விடுவது என்ற உரிமை தலைமுறைகளாகச் சாதியின் வழியே கைமாறி வந்த மண்ணில், அதைச் சட்டம் இடம் மாற்றும்போது எழும் பகைக்குச் சாதியைத் தவிர வேறு வேர் தேடுவது வீண்.

நீதிமன்றம் இப்படிப் பார்க்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் சேலத்துக்கு மாற்றப்பட்ட வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு 2001இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் எவரும் தண்டிக்கப்படவில்லை. 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தன. வழக்கை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததில் வழக்கறிஞர் பொ. இரத்தினத்தின் உழைப்பு பெரிது. ஆயினும் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவரும், 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 13 பேரும் முன்கூட்டியே விடுதலையாயினர். ஆறு பேரைக் கொன்ற குற்றம் தலைவர்களின் பிறந்தநாள் சலுகைக்குள் அடங்கிப்போனதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரார் இடையிலான பகையாக அது பதிவானதற்கும் இதில் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

அதே 1997 ஏப்ரல் 23 அன்று மதுரை வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் மாமன்ற உறுப்பினர் லீலாவதி கொல்லப்பட்டார். குடிநீருக்காகப் போராடியவர் அவர். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஒரே மாவட்டத்தில் மக்கள் பிரதிநிதிகள் அடுத்தடுத்துப் பலியானார்கள். அரசியல் கொலை என்று லீலாவதி வழக்கைச் சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. முருகேசன் கொலையும் அரசியல் கொலைதான். அந்த அரசியலின் பெயர் சாதி.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தனித்தொகுதி ஊராட்சிகள் இவ்வாதத்தை இன்னொரு பக்கம் உறுதி செய்கின்றன. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே மனுத் தாக்கல் செய்யப் பெரும்பாலும் ஆள் வரவில்லை. அப்படியே வந்து வென்றவரும் உடனே பதவி விலகினார். 2006இல் மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில்தான் முறையான தேர்தல் நடந்தது. அங்கே கொலை தேவைப்படவில்லை. 1997க்குப் பிறகு மேலவளவு நினைவிலிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

மேலவளவில் இன்று ‘விடுதலைக் களம்’ என்ற நினைவிடம் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று கூட்டம் கூடுகிறது. முருகேசனின் மரபை அளக்க அது மட்டும் போதாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலித் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டது வெளியே வந்தது. தனித்தொகுதி ஊராட்சிகளில் காசோலைப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, மீன்பாசி ஏலத்தை யார் நடத்துகிறார், கிராமசபையில் தலைவர் எங்கே அமர்கிறார் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் ஆய்வு மதுரை மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.