மண் முத்திரையோடு ஆறு கடந்தவர்கள்



போன வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இலங்கை தீவுதானே. நமக்கு எப்போதாவது வேறு நாட்டோடு தரை எல்லை இருந்ததா?" என்று கேட்டது. புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஆனால் கண்டியில் பிறந்த நமக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எல்லை இருந்தது, அந்த எல்லையால்தான் நம்மில் பலருடைய முன்னோர் இந்த மலைநாட்டில் தொழில் செய்து வாழ்ந்தார்கள்.

சுமார் 200 வருடங்களுக்கு முன்புவரை கண்டி ஒரு தனி நாடு. கரையோரத்தை முதலில் போர்த்துக்கேயரும், பிறகு ஒல்லாந்தரும், 1796இலிருந்து ஆங்கிலேயரும் வைத்திருந்தார்கள். 1766 பெப்ரவரி 14ஆம் திகதி ஒல்லாந்தரோடு செய்த ஒப்பந்தத்தில் கடற்கரை முழுவதும் கண்டியின் கையை விட்டுப் போனது. உப்புக்கும் கருவாட்டுக்கும் கூட இன்னொரு ஆட்சியின் மண்ணுக்குள் போய்த்தான் வர வேண்டும் என்ற நிலை வந்தது. கொழும்புப் பக்கம் சீதாவாக்கை ஆறு எல்லையாக இருந்தது. அதைத் தாண்டினால் ருவன்வெல்ல, அது ராஜாவின் மண்.

எல்லையில் தொடங்கிய காவல் நம் ஊர் வாசல் வரைக்கும் இருந்தது. மகாவலி கண்டி நகரை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. அந்த நாளில் அதற்குப் பாலம் இல்லை, தோணித்துறைகள்தான். கட்டுகஸ்தோட்டை என்ற பெயரைக் கேட்டால் நமக்குத் தோட்டம் ஞாபகம் வரும். ஆனால் அது சிங்களத்தில் 'தொட்ட', அதாவது துறை. கொழும்பிலிருந்து வரும் தூதர்களை கன்னொருவையில், ஆற்றுக்கு அந்தப் பக்கமே தங்க வைப்பார்கள். ராஜா அழைத்த பிறகுதான் ஆற்றைக் கடக்கலாம். இன்று நாம் பஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போகும் கன்னொருவை, அன்று விசாவுக்குக் காத்திருக்கும் இடம் போல இருந்தது.

1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி ராஜ்யத்தில் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பாதைகளில் முள்ளால் கட்டிய வாசல்கள் இருந்தன, அங்கே காவலர் நின்றார்கள். கடப்பதற்குக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். சிப்பாய்க்கு ஈட்டி தூக்கிய மனிதனின் உருவம், சுமை தூக்குபவனுக்குக் காவடித் தடியில் இரண்டு பைகளோடு நிற்கும் மனிதனின் உருவம். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை உருவம் பதித்திருக்க வேண்டும். எழுத்துத் தெரியாத காவலாளிக்கும் புரியும் பாஸ்போர்ட் அது. ராஜா பாலம் கட்டாததற்கும் நொக்ஸ் காரணம் சொல்கிறார்: நாட்டுக்குள் வருவது யாருக்கும் இலகுவாக இருக்கக்கூடாது.

இந்த வாசல்களைத் திரும்பத் திரும்பக் கடந்தவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்தான், மட்டக்களப்புப் பக்கம் மட்டும் ஏறத்தாழ 4000 பேரைக் குடியமர்த்தினான். மலைநாட்டு முஸ்லிம்கள் பலருக்குக் கிடைத்த ராஜகாரியம் தவளம். பொதிமாடுகளில் பாக்கும் மிளகும் இறக்கி, உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி வருவது. அரண்மனையில் அதற்கென்றே 'மடிகே பத்த' என்ற திணைக்களம் இருந்தது. கலகெதரப் பக்கம் மடிகே என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. நாம் இங்கே சும்மா வந்து ஒதுங்கியவர்கள் அல்ல, இந்த ராஜ்யத்தின் வேலையைச் செய்தவர்கள்.

ஆனால் எல்லையில் நடப்பவனை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். இதையும் நாம் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1803 ஜூன் மாதம் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை சரணடைந்து வெளியேறி வட்டபுளுவைத் துறைக்கு வந்தது. மகாவலி பெருக்கெடுத்து ஓடியதால் கடக்க முடியவில்லை. மேஜர் டேவியின் ஆட்களில் பெரும்பாலோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அந்தப் படையில் மலாய் முஸ்லிம்கள் இருந்தார்கள், ராஜாவின் படையிலும் மலாய் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஒரே கலிமாச் சொன்னவர்கள் ஆற்றங்கரையில் எதிரெதிராக நின்றார்கள். அதன் பிறகு சுமார் இரண்டு வருடம் எல்லைக் கிராமங்கள் இரு தரப்பாலும் தாக்கப்பட்டன.

பிறகு 1814. ஆங்கிலேயர் பகுதியிலிருந்து வந்த பத்துத் துணி வியாபாரிகளை உளவாளிகள் என்று பிடித்து மூக்கும் காதும் கையும் வெட்டினார்கள். ஏழு பேர் இறந்தார்கள், மூன்று பேர் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். நம்மவர் செய்த அதே தொழில், அதே மாதிரிப் பயணம். மறுபக்கத்தையும் பாருங்கள். ஜோன் டொயிலி அந்த வருடங்களில் எல்லையைக் கடந்து வரும் வியாபாரிகளிடம் கண்டிச் செய்தி கேட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதி வந்தார். ராஜாவின் சந்தேகம் முழுக்கக் கற்பனை அல்ல, ஆனால் தண்டனை விழுந்தது உப்புக்கும் துணிக்கும் நடந்தவன் மேல். அந்த வியாபாரிகளுக்கு நடந்ததைக் காரணம் காட்டித்தான் 1815 ஜனவரியில் ஆங்கிலேயர் போர் அறிவித்தார்கள். மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தோடு எல்லையே இல்லாமல் போனது.

எல்லை போன கையோடு தவளமும் மெல்லப் போனது. பார்ன்ஸ் ஆளுநர் காலத்தில் கொழும்பு வீதி வந்தது, 1833இல் பேராதனையில் முதிரை மரப் பாலம் வந்தது, மாட்டு வண்டி வந்தது, 1867இல் ரயில் வந்தது. பொதிமாடு ஓட்டியவரின் பேரப்பிள்ளைகள் கடை போட்டார்கள்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்" என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்டோம். கோபத்தோடு பதில் சொல்லத் தெரிந்த நமக்கு, வரலாற்றோடு பதில் சொல்லத் தெரியவில்லை. முள் வாசலில் நின்ற சிங்களக் காவலாளியும் மண் முத்திரையோடு வந்த நம் முன்னோரும் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவன் வாசலைத் திறந்தான், இவர் உப்பைக் கொண்டு வந்தார். இதை நாமும் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு மாத்தயாவுக்கும் சொல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய உறுதிகள், ஓலைகள், மாட்டு மணி, பொதிச்சாக்கு ஏதும் இருந்தால் வீசிவிட வேண்டாம். பெரியவர்களிடம் தவளக் கதை இருந்தால் இந்த லீவுக்குள் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு மீதிப் பதில் நம் வீடுகளில்தான் இருக்கிறது.