பழுப்புக் கட்டி: ஒரு பெயரும் ஒரு சுரப்பியும்

தாடை எலும்பில் தோன்றும் ‘பழுப்புக் கட்டி’ என்னும் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. முதற்சொல் மெய். கசிந்த குருதியின் இரும்புச்சத்து படிந்து, அறுத்துப் பார்த்தால் அது பழுப்பாகவே இருக்கும். இரண்டாம் சொல்லே சிக்கல். புற்றுக்கட்டிகளைப் போலத் தன்னியல்பாகப் பெருகுவதன்று அது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தால் எலும்பின் கால்சியம் குருதியில் கரைகிறது. வெறுமையான இடத்தை நார்த்திசுவும் பேரணுக்களும் நிரப்புகின்றன. நோய் தென்படுவது தாடையில். அதன் மூலமோ கழுத்தில். இத்தொலைவைக் கடக்க மருத்துவத்துக்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1849இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று இறந்தது. அதை அறுத்தாய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறச் சிறு சுரப்பியொன்றைக் கண்டு குறித்தார். மனித உடலில் அதைக் கண்டு விரிவாக விளக்கி, 1880இல் பெயரும் இட்டவர் உப்சாலாவின் மருத்துவ மாணவர் ஈவார் சான்ட்ஸ்ட்ரோம். 1891இல் ஜெர்மானிய நோயியலாளர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் எலும்பு நாராகி நீர்ப்பை கொள்ளும் நோயை விவரித்தார். ஆனால் அதைச் சுரப்பியோடு இணைக்கவில்லை.

அடுத்து நேர்ந்தது காரணத்தையும் விளைவையும் மாற்றிக் கொண்ட பிழை. எலும்பு நோயாளிகளிடம் சுரப்பி பருத்திருப்பதைக் கண்ட வியன்னாவின் யாக்கோப் எர்தைம், எலும்புச் சிதைவை ஈடுசெய்யவே அது பருக்கிறது என்று கருதினார். 1915இல் ஷ்லாகன்ஹௌஃபர் இதை மறுத்து, பருத்த சுரப்பியை அகற்ற வேண்டும் என்றார். எனினும் பழைய கருத்தே நிலைத்தது. 1925இல் அதே நகரில் ஃபெலிக்ஸ் மாண்டில், எலும்பு நொறுங்கி வந்த டிராம் ஊழியர் ஒருவருக்கு முதலில் சுரப்பியை ஒட்டவைத்தே பார்த்தார். பயனில்லை. பின்னர் கழுத்தைத் திறந்து பருத்த சுரப்பியை அகற்றினார்; வலி தணிந்தது, நோயாளி மீண்டும் நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பி அவர் இறந்தபோதிலும், காரணம் எது என்பது துலங்கிவிட்டது.

இவ்வரலாறு இன்றும் முடியவில்லை. நுண்ணோக்கியில் பழுப்புக் கட்டியும் தாடையின் பேரணுக் குருணைக்கட்டியும் ஒன்றுபோலவே தெரியும். குருதியின் கால்சியமும் பாராதைராய்டு இயக்குநீரும் அளக்கப்பட்டால்தான் வேறுபாடு விளங்கும். அளக்கத் தவறினால் தாடை அறுக்கப்படும். சுரப்பியோ தன் வேலையைத் தொடரும். சுரப்பியைச் சீர்செய்தால் பல புண்கள் தாமே ஆறிவிடுகின்றன.

வழக்கில் ஊன்றிய பெயரை மாற்றுவது கடினம். பெயரைக் கேட்டவுடன் கத்தியை எடுக்காமல் குருதியைச் சோதிப்பது அவ்வளவு கடினமன்று.