சுப்ரா காருக்கு சிங்கிள் டர்போ: கிட் மலிவுதான்... ஆனா செலவு அதோட முடியுமா?

1993-ல் அறிமுகமான டொயோட்டா சுப்ராவின் டர்போ மாடலில் இருப்பது 3 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின். அதில் 2 டர்போக்கள். குறைந்த ஆர்பிஎம்-ல் ஒன்று மட்டும் காற்றை அழுத்தித் தரும். சுமார் 4,000-ல் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரே பெரிய டர்போவை மாட்டுவதுதான் சிங்கிள் டர்போ கன்வெர்ஷன்.

ஏன் மாத்துறாங்க?

பழைய அமைப்பில் வேக்குவம் ஹோஸ், வால்வு எல்லாம் ஏராளம். வயசாகிட்டா எங்கே லீக் ஆகுதுன்னு தேடுறதே பெரிய வேலை. ஒரே டர்போ என்றால் அமைப்பு எளிது. அதிக ஆர்பிஎம்-ல் பவரும் கூடும். ஆனால் பெரிய டர்போ வேகம் பிடிக்க நேரமாகும். இதுதான் 'டர்போ லேக்'.

கிட்டில் என்ன இருக்கும்?

பொதுவாக டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வேஸ்ட்கேட், டவுன்பைப், ஆயில் குழாய்கள்.

சிக்கல் எங்கே?

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பூஸ்ட்டை ஏற்றிவிட்டு இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், இசியு ட்யூனிங்கை அப்படியே விட்டால் எஞ்சின் 'நாக்' ஆகும், பிஸ்டனே உடையலாம். மலிவு கிட்களில் மேனிஃபோல்டு வெல்டிங் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. வேஸ்ட்கேட் சிறிதாக இருந்தால் பூஸ்ட் கட்டுக்குள் நிற்காது.

அதனால் முதலில் எரிபொருளுக்கும் ட்யூனிங்கிற்கும் பணம் ஒதுக்குங்க. மீதியில்தான் டர்போ!