அந்நியர் காணாத படம்

பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் சிறு துளைவழி புகும் ஒளியைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார் என்று பெருமை பேசுகிறோம். அவ்வறை கைக்குள் அடங்கிய வரலாற்றை ஏனோ நாம் கவனிப்பதில்லை.

1888-இல் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் பெட்டியில் வேலை மூன்றே: கயிற்றை இழுத்தல், சாவியைத் திருகுதல், பொத்தானை அழுத்துதல். நூறு படம் முடிந்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும்.

பின்னாளில் இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா கிளிக் 3, புளியந்தோப்பு போன்ற உழைப்பாளர் பகுதிகளிலும் ஆசைப்படத்தக்க பொருளாயிற்று. வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு விசையைத் தள்ளினால் போதும். சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஸ்டூடியோக்காரர் முன் அமர விரும்பாத கோஷாப் பெண்களை வீட்டுப் பிள்ளையே எடுக்க முடிந்தது. ஆயினும் சுருளைக் கழுவ ஸ்டூடியோவுக்கே போக வேண்டும். அம்முகங்களை முதலில் காண்பவர் ஓர் அந்நியர்! பல இல்லங்களில் உம்மாவின் படம் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். (உடனே படம் தரும் போலராய்டு 1948 முதலே உண்டு, அதன் தாள்விலை எளியோர்க்கு எட்டாதது.)

1995-இல் வந்த கேசியோ கியூவி-10, தன் முதுகில் 1.8 அங்குலத் திரையைத் தாங்கி வந்தது. 96 படங்கள் அதனுள்ளேயே தங்கின. பின்வந்த சிறு கேமராக்களில் பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் அமையும். முழுதும் அழுத்தினால் படம் விழும். பலரும் வில்லையைப் புகழ்வர். நாமோ பின்புறத்து அழிப்புப் பொத்தானையே பெரிதாக மதிக்கிறோம். மகள் கையிலிருக்கும் கருவியில் தம் முகத்தைப் பார்த்து, "இது வேண்டாம்மா, அழித்துவிடு" என்று சொல்ல உம்மாவுக்கு அப்போதுதான் வாய்த்தது.